எட்டாம் நம்பருக்கு எப்போதும் வியாழக்கிழமை

செப்டம்பர் 2, திங்கள்

இன்று லீவு. இவர் தொண்டையில் எடுத்த சதையின் ரிசல்ட் மதியம் வரும் என்றார்கள். வரவில்லை, நாளைக்கு என்று சொல்லிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வீட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

ஒரு வாரமாகவே அது முரண்டு பிடிக்கிறது. எதை நிறுவச் சொன்னாலும் வட்டில் இடமில்லை என்கிறது. லினக்ஸில் நமக்கு வேண்டிய மென்பொருள் பொதிகளை இணையத்திலிருந்து கொண்டுவந்து பொருத்தித் தர ஆப்ட் என்று ஒரு வேலையாள் உண்டு. நல்ல வேலையாள்தான். ஆனால் கொண்டுவந்த ஒவ்வொரு பொதியிலும் ஒரு பிரதியைக் கேச் என்ற அறையில் போட்டு வைக்கும். நாளடைவில் அறை நிரம்பி, நிற்க இடமில்லாமல் போய்விடும். ஆப்ட் கிளீன் என்று ஒரு வரி அடித்தால் அறை காலி.

பாலிடெக்னிக் லேபில் என் கணினிகள் எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த அறை தானாகவே காலியாகும்படி எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவ வேண்டும், எனக்கு அப்படித்தான் பழக்கம். லேபுக்கும் அதே சட்டம். வீட்டு மடிக்கணினியைத்தான் பத்து வருஷமாகக் கழுவவில்லை. இன்று கழுவினேன். நாலு ஜிபி. பிறகு எல்லாவற்றையும் புதுப்பித்தேன். இனித் தேவைப்படாதவை என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டி, நீக்கவா, ஆம் என்றால் ஒய் என்று கேட்டது. ஒய் அழுத்தினேன். பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தக் கூடாது என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். சிரித்துக்கொண்டேன்.

பால் சொசைட்டியிலிருந்து இவர் வந்தார். "சரியாயிட்டாட்டி?" என்றார். அந்தக் கரகரப்பில் முதல் இரண்டு எழுத்து கேட்கவில்லை. "ஆயிட்டு" என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். பெரிய டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாக மூச்சு விட வேண்டும். உயிருக்குப் பயமில்லை என்றார். பேச்சு இருக்காது. தேதி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை.

பஸ்ஸில் திரும்பும்போது இவர் என் காதுக்கு அருகே வந்து, "நாப்பது ஊர்க்காரன் காதுல ஓட்ட போட்ட தொண்டைல்லா, ரெஸ்ட் கேக்குது" என்றார். கபடி மேட்ச்சுக்கு வர்ணனை பேசும் இவரை மைக் மாகாளி என்றுதான் நோட்டீஸில் போடுவார்கள். ரைடுக்குப் போகிறவன் கோட்டைத் தொடும் முன்னே இவர் குரல் தொட்டுவிடும். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். கயத்தாறு வரைக்கும் காற்றாலைகளை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

வீடு கழுவினேன். கழுவி முடித்ததும் இவர் முன் அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "தரை காயட்டும், வந்து உக்காரு." இருபத்தெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாத வசனம். காயாத தரையில் ஒருமுறை நான் வழுக்கி விழுந்ததிலிருந்து ஆரம்பித்தது. இருவரும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரை காயும்வரை வெட்டிப்பேச்சு பேசுவோம்.

இன்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கை தட்டிக் கூப்பிட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் தோசைக்கல்லின் முன்னால் நின்றபோது பளிச்சென்று நினைவு வந்தது. தோசை கருகிப்போனது, போகட்டும்.

இவர் குரல் இருக்கிறது! பத்து வருஷத்துக்கு முன் என் மாணவி ரெபேக்காவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் தட்டச்சு செய்த தமிழைப் பேசிக் காட்டும் மென்பொருள் ஒன்று செய்தார்கள். அதற்கு ஒரு குரல் வேண்டும் என்று கேட்க, இவர் நாற்பது நாள் செமினார் ஹாலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஆயிரத்து இருநூறு வாக்கியம் படித்தார். கத்தாமல் படிக்கச் சொன்னதுதான் இவருக்குப் பெரிய தண்டனை. அந்தக் குரலைப் பொதியாகக் கட்டி லேப் முழுக்க நிறுவினது நான். பொதிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மாகாளி. வாயால் சொல்லாத பெயரைக் கட்டளை வரியில் எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன்.

இப்போது பதிவு செய்யலாம் என்றால் தொண்டையில் கரகரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கபடி வீடியோக்களில் இருப்பது கூச்சலும் விசிலும். அந்தப் பொதி ஒன்றுதான் வழி. இவர் தட்டினால், இவர் குரலிலேயே பேசும்.

மடிக்கணினியைத் திறந்து தேடினேன். நிறுவப்பட்டவற்றில் இல்லை. கேச்சில் பார்க்கப் போனேன். கேச் காலி.

திங்கட்கிழமை நான் ஒய் அழுத்திய பட்டியல் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. நாற்பத்து மூன்றாவது வரி, மாகாளி.

இவர் எட்டிப் பார்த்து, "என்னட்டி தேடுத?" என்றார். "ஒரு ஃபைல்" என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

கோயம்புத்தூரில் இருக்கும் ரெபேக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், நம்ம பழைய சர்வரத்தான் காலேஜ்ல உடைச்சுப் போட்டுட்டாங்களே. என்கிட்ட இருந்த ஹார்ட் டிஸ்க் வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தப்ப போயிட்டு."

"ஒண்ணுமே இல்லையா?"

"அந்தப் பொதி ஒண்ணு முழுசா கெடச்சா போதும் மேடம், மத்தத நான் பாத்துக்கிடுதேன். லேப்ல ஏதாவது ஒரு மெஷின் கேச்ல கெடக்கும். அத யாரும் கழுவுறதே இல்ல."

"நான் கழுவுவேன்."

"தெரியும் மேடம்" என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

அழிந்த கோப்புகளை மீட்கும் நிரல் இரண்டு நாளாக ஓடியது. நான் கழுவிய கையோடு புதுப் பொதிகளை நாலு ஜிபிக்கு இறக்கி அதே இடத்தில் கொட்டியிருக்கிறேன். மீண்டு வந்தது ஒரு பழைய மின்சார பில்லும், இவர் கையில் மைக்கோடு நிற்கும் பாதி போட்டோவும். கீழ்ப்பாதி.

செப்டம்பர் 13, வெள்ளி

லேபில் பத்தொன்பது கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். குரலின் சத்தம் வகுப்புக்கு இடைஞ்சல் என்று எப்போதோ நானே எல்லாவற்றிலிருந்தும் ஒரே கட்டளையில் நீக்கியிருக்கிறேன். நீக்கினாலும் கேச்சில் பிரதி இருக்கும். நான்தான் இருக்க விடவில்லையே. பத்து மணிக்குத் திரையில் கட்டளை ஓடுவதை உட்கார்ந்து பார்த்தேன். சுத்தக்காரி என்று எனக்கு நல்ல பெயர் உண்டு.

இருபதாவது கணினியாக ஒன்று இருந்தது, எட்டாம் நம்பர். அதன் கடிகார பேட்டரி செத்து, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 2009 ஜனவரி 1, வியாழக்கிழமை என்று காட்டும். ஆப்டைக் கேட்டால், இணையத்தில் இருக்கும் பட்டியல் எதிர்காலத்தில் எழுதியது, நம்ப மாட்டேன் என்று சாதிக்கும். எதையாவது நிறுவும்போது மட்டும் தேதியை நான் கையால் திருத்திக் கொடுப்பேன். பிள்ளைகள் அதை வியாழக்கிழமை என்றே கூப்பிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் லேபிலிருந்து எடுத்துப் போய்விட்டார்கள். காயலான் கடைக்குப் போயிருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவர் ஒரு சிலேட்டு வாங்கி வந்து பழகிக்கொண்டிருக்கிறார். முதலில் எழுதியது: "காபியில் சர்க்கரை கம்மி." பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன். அடுக்களைக்குள் போய்த்தான் அழுதேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சுரண்டைப் பக்கம் கபடி ஃபைனல். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, கூட்டிப் போனேன். மேடையில் வேறு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். இவர் வாங்கிக்கொண்டார். மைதானம் முழுக்க அடங்கிவிட்டது.

"வெளையாடுங்கப்பா" என்றார். காற்று மட்டும்தான் வந்தது. ஆனால் இரண்டு டீமும் கும்பிட்டார்கள்.

திரும்பும்போது என்னிடம், "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க? ரெண்டு வாரமா நீ சரியில்ல" என்றார். வேலைப்பளு என்றேன். இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் குரல் ஒரே இடத்தில்தான் இருந்தது, அதைக் குப்பை என்று நான்தான் கூட்டி வெளியே தள்ளினேன் என்றா?

செப்டம்பர் 24, செவ்வாய்

நாளை மதுரையில் அட்மிஷன். ஒரு மாத லீவுக்கு எழுதிக் கொடுக்கக் காலேஜுக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் போர்டைச் சும்மா பார்த்தேன். பெண்கள் விடுதி வார்டன் ஒட்டியிருந்தார்: 'புதன் இரவு சப்பாத்திக்குப் பதிலாக இட்லி.' கீழே அச்சில் தேதி, 01-01-2009.

முதலில் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. லீவு லெட்டரைக் கையில் பிடித்தபடி விடுதிக்கு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மேட்டில் ஓடியதை வாட்ச்மேன் வெகுநாள் பேசுவார்.

ஆபீஸ் அறையில், மேஜை மேல், எட்டாம் நம்பர். நான் ஒட்டிய எண் இன்னும் அப்படியே இருக்கிறது.

"என்னக்கா, இப்படி எளைக்க எளைக்க வாரிய?" என்றார் வார்டன் ஜெயசீலி.

"இது எப்பத்துல இருந்து இங்க இருக்கு?"

"ஒங்க லேப்ல வேண்டாம்னு கழிச்சதுதான். எனக்கு நோட்டீஸ் அடிக்க மட்டுந்தான. சாயங்காலம் ஆறடிச்சா மெயின் சுவிட்ச்சையே ஆஃப் பண்ணிருவேன், கரண்ட் வீணாப் போவக் கூடாதுல்லா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் மெயினை நிறுத்துகிறார். பேட்டரி இல்லாததால் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து, மறுநாள் காலை மறுபடியும் அதே வியாழக்கிழமையில் எழுந்திருக்கும். சாயங்காலத்துக்குள் அணைத்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கணினிக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூட வந்ததில்லை. என் துடைப்பம் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஆனா இனிமே தேதி சரியா வரும்க்கா. பிள்ளைகளெல்லாம் கேலி பண்ணுதுன்னு நேத்து ஒரு ஆள வரச் சொல்லி புது பேட்டரி போட்டுட்டேன்."

திரையின் மூலையைப் பார்த்தேன். 24 செப்டம்பர், செவ்வாய். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. முதலில் அந்தக் கழுவும் கட்டளையை அழித்தேன். பிறகு கேச்சைத் திறந்தேன். நானூற்றுச் சொச்சம் பொதிகள், தூசி படிந்த மாதிரி வரிசையாக. நடுவில் மாகாளி.

பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்தேன். நம்பிக்கை வராமல் அங்கேயே நிறுவியும் பார்த்தேன். அந்தக் காலத்துக் கணினி, அந்தக் காலத்துப் பொதி, ஒரு சிணுங்கலும் இல்லாமல் பொருந்தியது. பழைய சோதனை வாக்கியத்தைத் தட்டினேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்திருக்கிறது.

"இன்று மாலை மழை பெய்யக்கூடும்."

மாடிப்படியில் போன இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஜெயசீலி பதறிப்போய், "யாருக்கா அது, லேடீஸ் ஹாஸ்டல்ல ஆம்பளச் சத்தம்!" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். ஜெயசீலி என்ன ஏது என்று கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று வார்டில் சேர்ந்ததிலிருந்து ரெபேக்கா போனிலேயே கூட இருந்தாள். புதுப்பித்த மடிக்கணினியில் பழைய பொதி பொருந்த மறுத்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய துணைப் பொதிகள் வேண்டும் என்றது. பொதியைப் பிரித்துக் குரலை மட்டும் வெளியே எடுத்து, புது நிரலுக்குள் வைக்கச் சொல்லித் தந்தாள். மூன்று தடவை தப்பு செய்தேன். இந்த முறை கேட்ட கேள்விகளை எல்லாம் முழுசாகப் படித்துவிட்டுத்தான் ஒய் அழுத்தினேன்.

மதியம் இவர் காதில் இயர்போனை வைத்தேன். மழை பெய்யக்கூடும் என்றது. இவர் என்னைப் பார்த்தார். மறுபடி போடு என்று விரலைச் சுழற்றினார். நாலு முறை கேட்டார்.

அப்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், திங்கட்கிழமை, ஒய், நாற்பத்து மூன்றாவது வரி. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

இவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. என்னைக் கிட்டே வரச் சொல்லி, "ரெண்டு வாரமா இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருந்த? கூறுகெட்டவளே. நான் செத்துருவேன்னு டாக்டர் ஒன்கிட்ட மட்டும் சொல்லிட்டாரோன்னு நெனச்சேம்ட்டி" என்றார்.

இவர் தொண்டையால் என்னிடம் பேசிய கடைசி நீளமான பேச்சு அது. எழுதி வைக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. எட்டாம் நம்பருக்குக்கூட நாளை வெள்ளிக்கிழமை வந்துவிடும், புது பேட்டரி போட்டாயிற்று. எனக்கு மட்டும் வராமல் இருக்காதா என்று இருக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

எட்டரை மணி நேரம். நன்றாக முடிந்தது என்றார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

மூக்கில் குழாய், அதன் வழியாகக் கஞ்சி. கழுத்துத் துளையைத் துடைக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் எனக்குக் கை வரவில்லை. இவரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இங்கே இங்கே என்று விரலால் காட்டினார். இருமினால் சத்தம் கழுத்திலிருந்து வருகிறது. இவர் இருமல் மாதிரியே இல்லை.

மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்தேன். தள்ளி வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 5, சனி

இன்றும் தொடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் சொசைட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் சிலேட்டிலேயே எல்லோரையும் சிரிக்கவைத்து அனுப்பினார்.

அவர்கள் போனதும் கேட்டுவிட்டேன். "அத கண்டுபிடிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த தட்டுனா என்ன?"

சிலேட்டில் எழுதினார்: "அவன் என்னைவிடப் பத்து வயசு சின்னவன். அவன் உன்கிட்ட பேசுறத நான் உக்காந்து பாக்கணுமோ?"

கேலிக்குத்தான் எழுதினார். ஆனால் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் துடைத்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. குரல் இல்லாமல் போனது இவருக்கு. நான் ஓடி ஓடித் தேடியது எனக்காகத்தான். பேசாமலே இருக்கட்டும். சிலேட்டு போதும் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, மிக்ஸி, இவருடைய பழைய மைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மடிக்கணினியின் மூடிக்கும் வைத்துவிட்டு, முன் அறையில் இவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். பொரியும் சுண்டலும் இவருக்குக் கிடையாது, மிக்ஸியில் அரைத்த பருப்புக் கஞ்சிதான்.

பிறகு வீடு கழுவினேன். ஐந்து வாரத்து அழுக்கு. உள் அறையிலிருந்து ஆரம்பித்து வாசல்வரை தண்ணீர் ஊற்றித் தள்ளி, துடைத்து, வாளியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றேன். தரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. வழக்கமான நேரம் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, கால் தானாக நின்றுவிட்டது. பிறகு நினைவு வந்து, துவைக்கிற துணியை எடுக்கத் திரும்பினேன்.

முன் அறையிலிருந்து குரல் வந்தது.

"கோமதி."

கொஞ்சம் இடைவெளி. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் சத்தம்.

"தரை காயட்டும். வந்து உக்காரு."

மழை பெய்யக்கூடும் என்று சொன்ன அதே தொனிதான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆனால் இவர் குரல். நான் சுவர் ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துபோய், கட்டிலில் ஏறி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.